காணொலி ஓடும்போது மாணவர் என்ன செய்கிறார்?

திறன்மிகு வகுப்பறைகளும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் நம் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பாகிறது. மணற்கேணி செயலியில் காணொலிகள் கிடைக்கின்றன. காணொலிக்குப் பஞ்சமாக இருந்த காலம் போய், எதைக் காட்டுவது, எதை விடுவது என்று திகைக்கும் காலம் வந்திருக்கிறது. நாற்பது நிமிடப் பாடவேளையில் ஆறு நிமிடக் காணொலி ஒன்றை ஓடவிட்டால் வகுப்பு அமைதியாக இருக்கும். கடைசி வரிசைகூடத் திரையைத்தான் பார்க்கும். ஆனால் அந்த அமைதியில் கற்றல் நடக்கிறதா?

நான் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை. இந்தக் கேள்வி கொஞ்ச காலமாகவே என்னை அரித்துக்கொண்டிருந்தது. அதனால் மின்வழிக் கற்றல் வடிவமைப்பு, கல்வித் தொழில்நுட்பம் ஆகியவை பற்றிய இணையவழிப் படிப்பு ஒன்றில் சேர்ந்து, வார விடுமுறைகளில் படித்தேன். படத்தொகுப்பு, அசைவூட்டம், குரல் பதிவு என்று கருவிகளைத்தான் சொல்லித் தருவார்கள் என்று எதிர்பார்த்தேன். கருவிகளும் வந்தன, ஆனால் கடைசி இரண்டு வாரங்களில். அதுவரை தாளும் பென்சிலும்தான். படிப்பு முடிந்தபின் என் வகுப்பறைக்குள் வந்து நிலைத்திருப்பது அந்தத் தாளும் பென்சிலும் பகுதியே. அதைத்தான் இங்கே சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தாளில் மூன்று கட்டங்கள்

மின்பாடம் தயாரிப்பவர்கள் கேமராவைத் தொடுவதற்கு முன்பு கதைப்பலகை எழுதுகிறார்கள். திரைப்படத் துறையிலிருந்து வந்த வழக்கம் இது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரிசை. முதல் கட்டத்தில் திரையில் என்ன தெரியும், இரண்டாவது கட்டத்தில் குரல் என்ன சொல்லும். இவை இரண்டும் எல்லோரும் எழுதுவதுதான். எங்கள் படிப்பில் மூன்றாவதாக ஒரு கட்டம் கட்டாயம்: அந்த நேரத்தில் மாணவர் என்ன செய்கிறார்?

‘பார்க்கிறார்’, ‘கவனிக்கிறார்’ என்று அந்தக் கட்டத்தில் எழுதக் கூடாது என்பது விதி. ஊகித்துச் சொல்கிறார், வரைகிறார், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார், பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குகிறார், முந்தைய படத்தை நினைவிலிருந்து எழுதுகிறார் என்று கண்ணுக்குத் தெரியும் செயலாக இருக்க வேண்டும். இணையத்தில் நல்ல பெயர் பெற்ற காணொலிகளை எடுத்து இந்தத் தாளில் பொருத்திப் பார்த்தோம். முதல் இரண்டு கட்டங்கள் நிரம்பி வழிந்தன. மூன்றாவது கட்டம் மேலிருந்து கீழ் வரை வெறுமையாகக் கிடந்தது.

இது காணொலி எடுத்தவர்களின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நம் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர், ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்தான். 

இதே காரணத்தால்தான் கற்றல் நோக்கம் எழுதும்போது ‘அறிந்துகொள்வர்’, ‘புரிந்துகொள்வர்’ போன்ற சொற்களை அங்கே ஏற்பதில்லை. ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962-இல் கற்பித்தல் நோக்கங்கள் பற்றி எழுதிய சிறு நூலிலிருந்தே இந்தக் கண்டிப்பு தொடங்குகிறது. ‘இதயத்தின் அமைப்பை அறிவர்’ என்பதைவிட, ‘பெயர் குறிக்காத இதயப் படத்தில், கால் விரலிலிருந்து திரும்பும் ரத்தம் மீண்டும் கால் விரலுக்குப் போய்ச் சேரும் வழியை அம்புக்குறியால் காட்டுவர்’ என்று எழுதினால், பாடம் முடிந்ததும் அது நடந்ததா இல்லையா என்று பார்த்துவிடலாம். எந்தக் காணொலி தேவை, அதில் எந்த இரண்டு நிமிடம் போதும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நாம் பாடத்திட்டத்தில் எழுதும் கற்றல் விளைவுகளும் இதே வேலைக்காக வந்தவைதான்.

குறுகிய வாசல்

மூன்றாவது கட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? காரணம் நம் நினைவின் அமைப்பில் இருக்கிறது.

ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்து வேலை செய்யக்கூடிய செய்திகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஏழை ஒட்டிய எண்ணிக்கையைச் சொன்னார். நெல்சன் கோவன் 2001-இல் அதை மறு ஆய்வு செய்து, நான்கு அளவில்தான் இருக்கும் என்றார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒரு வரியின் கடைசிச் சொல்லை எட்டும்போது முதல் சொல்லை மறந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு அறிவு குறைவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிச் சுமையாக வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான். எழுத்துகள் சொல்லாகத் திரண்டுவிட்ட குழந்தைக்கு அதே வரி மூன்று நான்கு செய்திகளாகச் சுருங்கிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லர் 1980-களில் இதன் மேல்தான் தம் அறிதல் சுமைக் கோட்பாட்டைக் கட்டினார். பாடத்திற்கே உரிய சுமை ஒன்று உண்டு. அதைக் குறைத்துவிட முடியாது. நாம் சொல்லும் விதத்தால், காட்டும் விதத்தால் தேவையின்றி ஏற்றும் சுமை இன்னொன்று. மின்பாட வடிவமைப்பு என்ற துறையில் பாதி, இந்த இரண்டாவது சுமையை இறக்கி வைக்கும் வேலைதான்.

கணித ஆசிரியர்களுக்கு ஸ்வெல்லரின் ஒரு முடிவு பயன்படும். அவரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வில், புதிதாகக் கற்பவர்களுக்கு எல்லாக் கணக்குகளையும் தாமே போடச் சொல்வதைவிட, படிப்படியாகப் போட்டுக் காட்டிய ஒரு கணக்கு, அதே மாதிரியில் ஒரு கணக்கு என்று மாற்றி மாற்றித் தருவது நல்ல பலனைத் தந்தது. கைதேர்ந்த மாணவருக்கு இது தலைகீழாகிவிடும் என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின. தெரிந்ததையே படிப்படியாகக் காட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு அதுவே சுமை. வகுப்பில் முதல் மாணவருக்கும் கடைசி மாணவருக்கும் ஒரே காணொலி பொருந்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓர் இதயப் பாடம்

இனி ஒரு காணொலியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஆறாம் வகுப்பின் மனித உறுப்பு மண்டலங்கள் பாடத்தில் ரத்த ஓட்டத்திற்காக இணையத்தில் கிடைத்த ஒன்று. ஆறு நிமிடம் ஓடும். படம் அழகு. பின்னணியில் இசை உண்டு. குரல் சொல்வதையெல்லாம் எழுத்தாகவும் கீழே காட்டும். இதயம் சுழலும், மின்னும், துடிக்கும். ஓரத்தில் ஒரு பொம்மை மருத்துவர் கையாட்டிக்கொண்டே இருப்பார்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மேயர், படமும் சொல்லும் சேர்ந்த பாடம் எப்படி இருந்தால் மனத்தில் நிற்கிறது என்பதைப் பல ஆண்டுகள் சோதித்தவர். பாடத்திற்கு வேண்டாததை நீக்கினால் கற்றல் கூடுகிறது என்பது அவருடைய முதன்மையான முடிவுகளில் ஒன்று. அதன்படி இசையை முதலில் நிறுத்தினேன். திறன்மிகு வகுப்பறையில் இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு நானே பேசினேன். நம் ஊர்த் தமிழில், நம் வகுப்பின் வேகத்தில், தேவையான இடத்தில் நிறுத்திப் பேசுவதற்கு எந்தக் காணொலிக் குரலும் ஈடாகாது. பொம்மை மருத்துவர் ஆடும் ஓரத்தைத் தாள் ஒட்டி மறைக்கலாமா என்றுகூட யோசித்தேன். படத்தைப் பெரிதாக்கினாலே அவர் திரைக்கு வெளியே போய்விட்டார்.

அடுத்தது பெயர்கள். ஆரிக்கிள், வென்ட்ரிக்கிள், தமனி, சிரை, வால்வு என்று ஐந்து புதுச் சொற்கள் முதல் ஒரு நிமிடத்திலேயே வந்துவிடுகின்றன. சொல்லைப் பிடிப்பதா, ரத்தம் ஓடும் வழியைப் பிடிப்பதா? வாசல் நான்கு பேருக்குத்தான் என்றால் இரண்டும் முடியாது. மேயர் இதற்குச் சொல்லும் வழி, பெயர்களை முன்பே அறிமுகப்படுத்திவிடுவது. முந்தைய நாள் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில், கரும்பலகையில் நான்கு அறைகள் கொண்ட வீடு ஒன்றை வரைந்து, மேல் அறைகள் இரண்டு, கீழ் அறைகள் இரண்டு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பேசி, பெயர்களை மட்டும் பழக்கினோம். எதிரில் நிற்பவரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரியும் என்பதையும் இரண்டு பேரை எதிரெதிரே நிற்கவைத்துப் பார்த்தோம். இதயப் படத்தில் வலமும் இடமும் மாறித் தெரிவதில் குழம்பாத ஆறாம் வகுப்பு மாணவர் அரிது. 

மூன்றாவது வேலை, காணொலியைத் துண்டாக்குவது. மேயரும் பால் சாண்ட்லரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல ஆதாரம். மின்னல் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் இரண்டரை நிமிட அளவிலான ஒரே அசைவூட்டத்தை, ஒரு பிரிவினருக்குத் தொடர்ச்சியாகக் காட்டினார்கள். இன்னொரு பிரிவினருக்கு 16 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் முடிந்ததும் தாமே பொத்தானை அழுத்தி அடுத்ததற்குப் போகவிட்டார்கள். படமும் அதேதான், சொற்களும் அவையேதான். ஆனால் கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தும் கேள்விகளுக்குத் துண்டுகளாகப் பார்த்தவர்கள் நன்றாக விடை சொன்னார்கள். நம் மாணவர் கையில் பொத்தான் இல்லை, நம் கையில்தான் இருக்கிறது. ஆகவே எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே தாளில் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 

ரத்த ஓட்டப் பாடத்தை நான்கு இடங்களில் நிறுத்துகிறேன். உடலிலிருந்து ரத்தம் வலது ஆரிக்கிளுக்கு வந்ததும் முதல் நிறுத்தம். அடுத்து எங்கே போகும், விரலால் காட்டுங்கள். வலது வென்ட்ரிக்கிளிலிருந்து வெளியேறும் முன் இரண்டாவது நிறுத்தம். இந்த ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, இதை அப்படியே உடலுக்கு அனுப்பலாமா? கூடாது என்றால் முதலில் எங்கே போக வேண்டும்? நுரையீரல் என்ற விடையை மாணவர்களே சொல்லிவிட்டால், அடுத்த துண்டு அவர்கள் சொன்னதைச் சரிபார்க்கும் துண்டாகிவிடுகிறது. நுரையீரலிலிருந்து இடது ஆரிக்கிளுக்குத் திரும்பியதும் மூன்றாவது. நான்காவது நிறுத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. இடது வென்ட்ரிக்கிளின் சுவர் மட்டும் ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது? பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் ஊருக்கே ஏற்றி அனுப்புவதற்கும் ஒரே மோட்டார் போதுமா என்று ஒரு மாணவி கேட்டாள். நுரையீரல் பக்கத்தில் இருக்கிறது, கால் விரல் தூரத்தில் இருக்கிறது. அந்த வகுப்பில் அதற்கு மேல் நான் எதையும் விளக்கவில்லை.

இந்தப் பாடத்தில் இன்னொன்றும் நடந்தது. காணொலியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நீல நிறத்தில் காட்டுகிறார்கள். பெரும்பாலான படங்களில் அப்படித்தான் இருக்கும். ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், எங்க அம்மாவுக்கு டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தப்ப கருஞ்சிவப்பாத்தான் இருந்துச்சு. இங்க ஏன் நீலமா இருக்கு?” என்றான். சிரையிலிருந்துதான் ரத்தம் எடுக்கிறார்கள், அது கருஞ்சிவப்புத்தான். நீலம் என்பது படம் வரைந்தவர் வேறுபாடு காட்டுவதற்காக வைத்துக்கொண்ட அடையாளம். நிலவரைபடத்தில் மாவட்டங்களுக்கு வண்ணம் கொடுப்பது போல. அவன் கேட்காமல் விட்டிருந்தால், உடம்புக்குள் நீல ரத்தம் ஓடுகிறது என்ற எண்ணம் பத்துப் பதினைந்து பேர் மனத்தில் ஊறிப்போயிருக்கும். அசைவூட்டம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு உறுதியாகத் தவறான எண்ணத்தையும் பதிக்கும். அறிவியல் காணொலிகளில் எது உண்மை நிறம், எது அடையாள நிறம், எது உண்மை அளவு, எது பெரிதாக்கியது என்று சொல்லிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும் என்பது அன்று முதல் என் தாளில் முதல் வரி. 

எழுத்து வேண்டுமா, வேண்டாமா?

குரல் சொல்வதையே எழுத்தாகவும் திரையில் காட்டினால் கற்றல் குறைகிறது என்பது மேயரின் இன்னொரு முடிவு. கண் படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா என்று தடுமாறும். விளக்கப் படங்களுக்கு இது சரி. இதைப் படித்ததும் எல்லாக் காணொலியிலும் கீழே வரும் எழுத்தை நீக்கிவிட வேண்டும் என்று முடிவு கட்டக் கூடாது. 

நம் நாட்டிலேயே இதற்கு எதிர்ச் சான்று போலத் தோன்றும் ஒன்று இருக்கிறது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பிரிஜ் கோத்தாரி 1996-இல் தொடங்கிய முயற்சி அது. தொலைக்காட்சியில் வரும் திரைப்பாடல்களுக்கு, பாடல் எந்த மொழியிலோ அதே மொழியில் வரிகளைத் திரையின் அடியில் காட்டுவது. பாடலைக் கேட்டபடியே, அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களின் கண் தானாகவே எழுத்தைத் தொடரும். வாசிப்புப் பழக்கம் வளரும். குஜராத்தில் தொடங்கிப் பிற மாநிலங்களின் தொலைக்காட்சிகளுக்கும் இது பரவியது.

முரண்பாடு எதுவும் இல்லை. அங்கே நோக்கம் வாசிப்பு; பாடல் ஏற்கெனவே காதுக்குத் தெரிந்தது. இதயப் பாடத்தில் நோக்கம் ரத்தம் ஓடும் வழி. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பாடலைக் கேட்டபடியே வரியைத் தொட்டுக் காட்டும் குழந்தைக்கு எழுத்து வேண்டும். ஆங்கிலப் பாடத்திலும் வேண்டும். காது கேட்பதில் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் எந்தப் பாடத்திலும் வேண்டும். அப்போது படத்தை நிறுத்தி, எழுத்தைப் படிக்க நேரம் கொடுத்து, பிறகு படத்தை ஓட்டலாம். கொள்கையை மனப்பாடம் செய்வதைவிட, இந்த மாணவருக்கு இந்தப் பாடத்தில் எது சுமை என்று கேட்டுப் பார்ப்பதே பயன் தருகிறது.

கேள்வி என்பது தேர்வு மட்டுமா?

மின்பாடங்களில் இடையிடையே கேள்வி வருவதை நாம் மதிப்பீடு என்று நினைக்கிறோம். படிப்பில் அதைக் கற்பித்தல் முறையாகவே நடத்தினார்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சில பகுதிகளை இரண்டு முறை படித்தார்கள். சிலவற்றை ஒரு முறை படித்துவிட்டு, அடுத்த முறை படிக்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்தவை முந்தின: 81 விழுக்காடும் 75 விழுக்காடும். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். இரண்டு முறை படித்ததில் 42 விழுக்காடு மிஞ்சியது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடு.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காணொலியை இன்னொரு முறை ஓடவிட்டால் அன்றைக்கு எல்லோரும் நன்றாகப் பதில் சொல்வார்கள். நமக்கும் நிறைவாக இருக்கும், பார்வையிட வந்தவருக்கும் நிறைவாக இருக்கும். அடுத்த வாரம் கேட்டால்தான் உண்மை தெரியும். ஆகவே இரண்டாம் முறை ஓடவிடும் நேரத்தில், திரையை அணைத்துவிட்டு, நோட்டை மூடச்சொல்லி, நினைவிலிருந்து வரையச் சொல்கிறேன். முதலில் முணுமுணுப்பார்கள்.

கேள்வியின் தரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் மூன்று தவறான விடைகளைப் பெரும்பாலும் ஒப்புக்கு எழுதுகிறோம். வடிவமைப்பாளர்கள் அதிக நேரம் செலவிடுவது அந்த மூன்றில்தான். 0.4, 0.35 இவற்றில் எது பெரிது என்று கேட்டால் 0.35 என்று சொல்பவர்கள் உண்டு. நான்கைவிட முப்பத்தைந்து பெரிது என்பது அவர்கள் கணக்கு. 0.4, 0.37 இவற்றில் எது பெரிது என்றால் 0.4 என்று சரியாகச் சொல்லும் இன்னொருவர், 0.3 பெரிதா 0.45 பெரிதா என்றால் 0.3 என்பார். தசமப் புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்பது அவர் வைத்திருக்கும் விதி. முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் அவருக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான், யார் எந்தத் தவறான விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. பிறைகள் தோன்றுவது பூமியின் நிழலால் என்று நம்புகிறவருக்கு, அந்த விடையையே தெரிவுகளில் ஒன்றாக வைத்தால்தான் அவர் வெளியே வருவார். செயலியில் ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று வந்தால் அவர் அடுத்த பொத்தானை அழுத்துவார், அவ்வளவுதான். ‘பூமியின் நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம், அப்படியானால் மாதம் முழுவதும் கிரகணமா?’ என்று வந்தால் யோசிப்பார். 

கருவி தானாகக் கற்பிப்பதில்லை

பள்ளிகளில் இனி நூல்கள் வழக்கொழிந்துவிடும், திரைப்படமே கற்பிக்கும் என்று தாமஸ் எடிசன் 1913-இலேயே சொல்லியிருக்கிறார். வானொலி வந்தபோதும், தொலைக்காட்சி வந்தபோதும் அதே நம்பிக்கை திரும்ப வந்தது. 1983-இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வியாளர் இதற்கு ஓர் உவமை சொன்னார். மளிகைச் சாமானை ஏற்றி வரும் வண்டியால் உடலுக்கு ஊட்டம் கூடுவதில்லை. அதுபோல, ஊடகத்தால் கற்றல் கூடுவதில்லை, அதில் வரும் கற்பித்தல் முறையால்தான் கூடுகிறது என்றார். இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. சில பொருள்களைச் சில வண்டிகளில்தான் ஏற்ற முடியும் என்பது அவர்கள் வாதம். இதயத்துடிப்பைக் கரும்பலகையில் காட்ட முடியாது என்பதால் எனக்கு அவர்கள் பக்கமும் கொஞ்சம் சாய்வு உண்டு.

பெரு நாட்டில் நடந்தது கிளார்க் சொன்னதற்கு நெருங்கியது. மாணவருக்கு ஒரு மடிக்கணினி என்ற உலகளாவிய திட்டத்தில் அந்த நாடு எட்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கியது. ஊரகப் பகுதியின் 319 பள்ளிகளில் செய்த மதிப்பீட்டின் முடிவு 2012-இல் வெளிவந்தது. மொழியிலும் கணிதத்திலும் மதிப்பெண் உயரவில்லை. பொது அறிதிறன் சோதனைகளில் மட்டும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. கணினி கைக்கு வந்தது; வகுப்பில் அதை வைத்து மாணவர் என்ன செய்வது என்பது தாளில் எழுதப்படவில்லை.

இன்னொரு பக்கம் தில்லி. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹான்ட்ரோ கனிமியன் மூவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அரசுப் பள்ளி நடுநிலை மாணவர்கள் 619 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் மையத்தில் இடம் தந்தார்கள். வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதில் பாதி கணினி முன்பு, பாதி சிறு குழுவாக உதவியாளர் ஒருவருடன். நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். அங்கே ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். மென்பொருள் அவரவர் உண்மையில் நிற்கும் படியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கேள்வி கேட்டது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றாம் வகுப்புக் கழித்தலும், இன்னொருவருக்கு ஆறாம் வகுப்புப் பின்னமும். நாற்பது பேருக்கு நாற்பது படி என்பது ஒரே ஆசிரியரால் இயலாத காரியம். இயந்திரம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது என்று நினைக்கிறேன். நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் செலவிடும் நேரம், எல்லோரும் ஒரே காணொலியைத் தனித்தனிக் கணினியில் பார்ப்பதற்குப் போகக் கூடாது. 

நம் வகுப்பறையில்

படிப்பில் சொல்லாத சிலவற்றையும் நம் சூழலுக்காகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காணொலியை முதல் நாளே பதிவிறக்கி வைத்துவிடுகிறேன். பத்தரை மணிக்கு இணையம் எப்படி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. திரையில் இருக்கும் மிகச் சிறிய எழுத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முறை படித்துப் பார்க்கிறேன். சன்னல் வெளிச்சம் திரையில் விழும் நேரத்தில் அந்தப் பாடவேளையை வைத்துக்கொள்வதில்லை. ‘சிவப்பு அம்புக்குறியைப் பாருங்கள், பச்சை அம்புக்குறியைப் பாருங்கள்’ என்று சொல்வதைத் தவிர்த்து, மேலே போகும் அம்பு, கீழே வரும் அம்பு என்று சொல்கிறேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம். அவர்களே அதை அறிந்திருக்க மாட்டார்கள்.

மின்சாரம் நின்றுவிட்டால்? மூன்றாவது கட்டம் நிரம்பியிருந்தால் பாடம் நிற்பதில்லை. நான்கு நிறுத்தங்களின் கேள்விகளும் கரும்பலகையில் வரைந்த நான்கறை வீட்டிலேயே கேட்கக்கூடியவைதான். 

வீட்டுக் கைபேசி பற்றி 2020-க்குப் பின் நாம் எல்லோரும் அறிந்ததுதான். அது அப்பாவுடன் வேலைக்குப் போய் இரவில் திரும்பும், அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒன்றாக இருக்கும். அதனால் இணைப்பை அனுப்பிப் பார்க்கச் சொல்வதை விட்டுவிட்டேன். பாடம் முடிந்த எட்டாம் நாள், கால்பக்கத் துண்டுத் தாளில் பெயர் குறிக்காத இதயப் படத்தை அச்சிட்டுக் கொடுத்து, கால் விரலிலிருந்து கால் விரல் வரை அம்புக்குறி போடச் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலை. மதிப்பெண் கிடையாது. எந்தத் திருப்பத்தில் அதிகம் பேர் வழி தவறுகிறார்களோ, அந்தத் துண்டை மட்டும் மறுநாள் மீண்டும் காட்டுகிறேன். பெரும்பாலும் அது வலது வென்ட்ரிக்கிளுக்கும் நுரையீரலுக்கும் இடையில்தான் இருக்கிறது.

மூன்று கட்டத் தாளைக் குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியர்களுக்குக் காட்டினேன். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், பின்னம் பற்றிய காணொலிக்கு அங்கேயே உட்கார்ந்து எழுதினார். முதல் வரிசையில், திரை அணைந்திருக்கிறது. ஆசிரியர் எதுவும் பேசவில்லை. மாணவர்கள் செய்தித்தாள் துண்டு ஒன்றை நான்காகவும், இன்னொன்றை எட்டாகவும் மடித்து, நான்கில் ஒன்று பெரிதா எட்டில் ஒன்று பெரிதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடுகிறார்கள். காணொலி அவருடைய தாளில் நான்காவது வரிசையில்தான் தொடங்குகிறது.